சனிக்கிழமைத் தண்ணி

உக்காருங்க தம்பி, எடமிருக்குது. பைய எடுத்து மடியில வெச்சுக்கறேன். உங்க டோக்கன் எத்தன? அறுவத்திரெண்டா. எங்களுது நாப்பத்தொம்போது. இப்பத்தான் முப்பதுக்குப் பக்கத்துல ஓடிட்டிருக்குது, வெசனப்படாம உக்காருங்க. காலையில ஏழு மணிக்கு வந்து உக்காந்தவன் நானு. முதுகு பலகையாயிருச்சு.

எனக்கில்லீங்க, ஊட்டுக்காரிக்கு. உள்ள படுத்திருக்கறா, குளுக்கோஸ் ஏறுது. காலையில டாக்டரு ஒருக்கா பாத்தாரு, மறுக்கா பாக்கறதுக்குத்தான் இந்த டோக்கன். வயித்து நோவுங்க. ஏழெட்டு மாசமாச்சு. தொப்புளச் சுத்தி ஈரத்துணியப் புழியறாப்பல முறுக்குதுங்கறா. வெளிய போறது நாலு நாளைக்கு ஒருக்கதான். சோறு எறங்கறதில்ல. ஒரு டாக்டரு ரத்தம் பத்தலன்னாரு, இன்னொருத்தரு குடல்ல புண்ணுன்னாரு. ரெண்டு பேரு குடுத்த மாத்திரையும் தின்னு பாத்தாச்சு. போன வாரம் தண்ணிச் சொம்ப எடுத்தா. கையில நிக்கல. மணிக்கட்டு அப்படியே தொங்கிப் போயி சொம்பக் கீழ விட்டுட்டா. அப்பத்தான் எனக்கே பயம் வந்துச்சு. மயிலாத்தான்னு பேரு. கட்டி முப்பத்தொரு வருஷமாச்சு.

இது என்ன நாயம்னு நீங்களே சொல்லுங்க தம்பி. என்ற கையப் பாருங்க. இந்த நகக்கண்ணெல்லாம் பச்சையா இருக்குதில்லீங்க, அழுக்குன்னு நெனைச்சுக்காதீங்க, அது நிக்கலு. கணபதி ஏரியாப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில இருக்கறனுங்க. குழாய் திருகு, சைக்கிள் ஹேண்டில்பாரு, கதவுக் கைப்பிடி, எது வந்தாலும் நிக்கல் தொட்டியில முக்கி, குரோம் தொட்டியில முக்கி, பளபளன்னு பண்ணித் தர்ற வேலை. ஆசிட் பொகைய முப்பது வருஷமா மூக்குல இழுக்கறேன். எனக்கு ஒண்ணுமில்ல, கல்லாட்டம் இருக்கறேன். நெழல்ல, ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கறவளுக்கு வந்து சீக்கு.

காலையில இந்த டாக்டரும் அதத்தான் கேட்டாரு. அம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னாரு. வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார், ஊட்டுல சும்மாதான் இருக்கறான்னேன். இவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. டாக்டருக்கு ஏது நேரம், நீ பேசாம இருன்னு நான்தான் சொல்லிட்டேன்.

நெத்தியிலயா? ஆமாங்க, குங்குமம்தான். நல்ல நெறமில்லீங்க? ஊட்டுக் குங்குமம். அஞ்சு நாள் குளிக்காம இருந்தாலும் போகாது. இந்தக் குங்குமத்தாலதான் தம்பி எனக்கு போன கார்த்திகையில ஒரு அவமானம் ஆச்சு. நெனைச்சா இன்னைக்கும் சோறு கசக்கும். சரி விடுங்க.

இல்ல, சொல்றேன். நாப்பத்தொம்போது வர்ற வரைக்கும் என்ன பண்றது.

போன ஆடியில மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்காரங்க பட்டறைக்கு வந்தாங்க. பொருளக் கழுவி விடற தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டுப் போனாங்க. பத்து நாள்ல காயிதம் வந்துருச்சு. தண்ணியில நிக்கலும் குரோமியமும் எச்சா இருக்குது, நாலு மாசத்துக்குள்ள சரி பண்ணலைன்னா பட்டறைக்குப் பூட்டுன்னு. நாங்க பதினோரு பேரு தம்பி அந்தப் பட்டறைய நம்பி. பெரிய மிஷின் வாங்கிப் போட மொதலாளிக்குத் தெம்பில்ல.

அப்பத்தான் காலேஜில இருந்து ஒரு பொம்பளப் புள்ள வந்துச்சு. சலேத்துன்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம், வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. டாக்டர் பட்டத்துக்குப் படிக்குதாம். ஒல்லியா, காத்தடிச்சா போயிருமாட்டம் இருக்கும். ஸ்கூட்டர்ல முன்னால ஒரு மூட்டை நெலக்கடலத்தொலிய வெச்சுக்கிட்டு வந்து எறங்குச்சு. 'ஐயா, இத வச்சு உங்க தண்ணில இருக்க நிக்கல் எல்லாத்தையும் பிடிச்சிரலாம்'னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கடலத்தொலி அடுப்பெரிக்க ஆகும், செங்கச் சூளைக்கு ஆகும். இதுக்கு ஆகும்னு யாரு கண்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும். வேலைக்காரப் புள்ள. அது பண்ணறதப் பாத்துட்டு நிக்கலாம். தொலிய மாவா அரைச்சு, சலிச்சு, கழுவி, காய வெக்கும். அதோட ஒரு பாலிமரு, கூழாட்டம் கொழகொழன்னு இருக்கும். ரெண்டையுங் கலக்கி, ஊசி போடற சிரிஞ்சில ஏத்தி, காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணிக்குள்ள சொட்டுச் சொட்டா விடோணும். சொட்டு உழுந்த ஒடனே உருண்டு உறைஞ்சுக்கும். ஜவ்வரிசியாட்டம், ஆனா பழுப்பு நெறம். நானே ஒரு மத்தியானம் பூரா உக்காந்து விட்டிருக்கறேன். ஐயாவுக்குக் கை நடுங்கவே இல்லன்னு சொல்லுச்சு. முப்பது வருஷத்துல என்ற கையப் பாத்து அப்படி ஒருத்தரும் சொன்னதில்லீங்க.

தொலிய மட்டும் போட்டா என்னம்மிணின்னு கேட்டேன். அது தண்ணியில ஊறிச் சேறாயி குழாய அடைச்சுக்குமாம். பாலிமரு கட்டிப் புடிச்சு வெக்குமாம், அதுவும் தன் பங்குக்கு நிக்கல இழுத்துக்குமாம். ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயி, அதுல அந்த உருண்டைய ரொப்பி, பட்டறைத் தண்ணிய மேல இருந்து சன்னமா விட்டுச்சு. மேல பச்சையாப் போறது கீழ டேப்புல வெறுந் தண்ணியா வருதுங்க. மொதலாளி ஓடி வந்து பாத்துட்டு டேப்புக்கிட்டயே குத்த வெச்சு உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அந்த மனுசனுக்கு.

'அத்தன நிக்கலும் எங்கம்மிணி போச்சு, அழிஞ்சு போச்சா'ன்னு கேட்டேன். 'எங்கயும் போகல ஐயா, உருண்டைக்குள்ளதான் இருக்கு. மெட்டல் அழியாது. ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போகும், அவ்ளோதான். எங்க போயி உக்காருதுன்னு நாமதான் பாத்துக்கிடணும்'னுச்சு. அந்த உருண்டை ரொம்பிப் போச்சுன்னா தனியா டப்பாவுல போட்டு மூடி, பேரெழுதி, காலேஜுக்கே எடுத்துட்டுப் போயிரும். ஒண்ணு செதற விடாது.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒரு நாள் டீ குடிக்கறப்ப நான் வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இந்தக் கூழு எதுல பண்ணறதும்மிணின்னு கேட்டுட்டேன். 'எறால் ஓடு ஐயா'ன்னுச்சு. அவுங்கம்மா எறா உரிக்கற கம்பெனியில இருந்தாங்களாம். ஐசுக்குள்ளயே கைய வெச்சு உரிச்சு உரிச்சு வெரலெல்லாம் வெடிச்சுப் போயிருமாம். அந்த ஓட்டுல இருந்துதான் இந்தப் பாலிமர எடுக்கறாங்களாம். அது பாட்டுக்கு அவுங்கம்மா கையப் பத்திச் சொல்லிட்டிருக்குது. எனக்கு டீ எறங்கல.

ஏன்னா தம்பி, நாங்க வெள்ளிக்கெழம கவுச்சி தொடறதில்ல. பட்டறையில பிள்ளையார் படம் இருக்குது, நான் சேந்த நாள்ல இருந்து வெள்ளிக்கெழம வெளக்குப் போடறவன் நான்தான். அந்தப் படத்துக்கு நேரெதுக்கதான் எறா ஓட்டுக் குழாயி நிக்குது. என்ன பண்றது? வேண்டாம்னு சொல்ல முடியுமா? பதினோரு குடும்பம். சரி, வந்த தோஷத்துக்கு ஒரு பரிகாரம் பண்ணிக்குவோம்னு நானா ஒரு வழி வெச்சுக்கிட்டேன். வெள்ளிக்கெழம பொழுதோட, எல்லாரும் போன பொறவு, குழாய ஈரத்துணியில தொடச்சு, சூடம் காட்டி, குங்குமம் வெப்பேன். குழாய்க் கழுத்துல மூணு, கீழ டேப்பு வாயில ஒண்ணு. அடுத்த நாள் தண்ணி புடிக்கற பாட்டில் மூடியிலயும் ஒண்ணு. பரீட்சப் பேப்பர்ல சுழி போடறதில்லீங்களா, அந்த மாதிரி. நல்ல ரிசல்ட்டு வரட்டும்னுதான் தம்பி. சத்தியமா அதுக்குத்தான்.

குங்குமம் மயிலா குடுக்கறது. அவ ஊட்டுல குங்குமம் பேக்கெட்டுப் போடறாளுங்க. ஏஜெண்டு மூட்டையாக் கொண்டாந்து எறக்கிருவான். இவ கரண்டியில அள்ளி, சின்னச் சின்னக் கவர்ல போட்டு, மெழுகுவத்தியில ஒட்டிக் குடுக்கோணும். காத்தாடி போடக் கூடாது, பறந்துரும், அதனால கதவ ஜன்னலச் சாத்திக்குவா. ஊடே செகப்பா இருக்கும். தலகாணி செகப்பு, அரிசி டப்பா செகப்பு, அவ உள்ளங்கை ரேகையெல்லாம் செகப்பு. தும்முனாக் கூட செகப்புத்தான். மங்களகரமான தொழிலுன்னு நான் எல்லார்த்துகிட்டயும் சொல்லுவேன். தொழில்னா தொழிலில்ல, பொழுது போகறதுக்குச் செய்யறது. ஒம்போது வருஷமாச் செய்யறா. மூட்டையோட அடியில தங்கறத ஏஜெண்டு எடுத்துக்கச் சொல்லிருவான், அதத்தான் ஒரு டப்பாவுல போட்டு எனக்குக் குடுப்பா.

அப்பறம் வந்ததுதான் தம்பி வெனை.

திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அந்தப் புள்ளயே வந்து தண்ணி புடிச்சுக்கும். சனிக்கெழம மட்டும் அதுக்குக் காலேஜில வேற வேலை. அதனால நான் புடிச்சு வெக்கோணும். பாட்டிலுக்குள்ள ரெண்டு சொட்டு ஆசிட்டு விட்டே குடுத்திருக்கும், மெட்டலெல்லாம் கரைஞ்சு நிக்கறதுக்காம். நான் காலையில மொத வேலையா டேப்பத் தொறந்து புடிச்சு, மூடிப் போட்டு வெப்பேன். குடுக்கறதுக்கு மின்ன மூடியில இருக்கற பொட்ட நல்லாத் தொடச்சுருவேன். வேத்து மதத்துப் புள்ள, அத எதுக்குச் சங்கடப்படுத்தறதுன்னு. குழாய்ல இருக்கறதும் சனிக்கெழமப் பொழுதோட பட்டறையக் கழுவறப்பப் போயிரும். அந்த அளவுக்குப் பாத்துத்தான் நடந்துக்கிட்டேன்.

ரெண்டு வாரங் கழிச்சு அந்தப் புள்ள மொகமே சரியில்லாம வருது. 'ஐயா, சனிக்கிழமைத் தண்ணில ஈயம் வருது'ங்குது. ஈயமா? எங்க பட்டறையில ஈயத்துக்கு வேலையே இல்லீங்க. நிக்கலு உண்டு, குரோமு உண்டு, செம்பு எப்பவாச்சும். மேல உள்ள போற தண்ணியில ஈயமில்ல. மத்த நாள்ல கீழ வர்றதுலயும் இல்ல. சனிக்கெழம மட்டும் இருக்குது. அந்தப் புள்ள கடலத்தொலிய டெஸ்ட் பண்ணுச்சு. எறா ஓட்ட டெஸ்ட் பண்ணுச்சு. குழாய அறுத்துப் பாத்துச்சு, பசையப் பாத்துச்சு, ஆசிட்டப் பாத்துச்சு. ஒண்ணுலயும் இல்ல. அதோட காலேஜு சாரு திட்டறாராம், உன்ற உருண்டையே தண்ணியக் கெடுக்குது, இத வெச்சு எப்படிப் பட்டம் குடுக்கறதுன்னு. ஒரு நாள் தொட்டிக்குப் பின்னால நின்னு அழுதுட்டிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. அந்த வெள்ளிக்கெழம அதுக்காகவே ரெண்டு பொட்டு எச்சா வெச்சேன்.

அடுத்த சனிக்கெழம இன்னும் எச்சா வந்துச்சாம்.

சிரிக்கறீங்களா? இல்லீங்களா. சரி.

மொதலாளி என்னைக் கூப்பிட்டாரு. 'சென்னியப்பா, சனிக்கெழம தண்ணி புடிக்கறது நீதான். யாராவது சொல்லி எதையாவது கலக்கறயா'ன்னாரு. முப்பது வருஷந் தம்பி. அவுங்கப்பா காலத்துல இருந்து இருக்கறவன் நானு. அந்தப் புள்ளதான், 'சார், ஐயா அப்டிச் செய்ய மாட்டாங்க'ன்னு அடிச்சுச் சொல்லுச்சு. அத இல்லைங்கல. அது சொல்லுச்சு.

அதுக்கப்பறம் ஒரு வெள்ளிக்கெழம, சொல்லாமக் கொள்ளாமப் பொழுதோட வந்துருச்சு. நான் சூடத்தக் காட்டிட்டிருக்கறேன். திரும்பிப் பாத்தா செருப்பக் கழட்டி விட்டுட்டு, கையக் கட்டிட்டு ஓரமா நிக்குது. நான் டேப்பு வாயில பொட்டு வெச்சேன் பாருங்க, அப்ப அதோட மொகம் ஒரு மாதிரி ஆச்சு. பக்தி வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். 'ஐயா, இது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைப்பீங்களா'ன்னு கேட்டுச்சு. ஆமாம்மிணின்னேன். 'எனக்குக் கொஞ்சம் தாறீங்களா'ன்னுச்சு. வேதக்காரப் புள்ள குங்குமம் கேக்குதேன்னு எனக்குப் பூரிச்சுப் போச்சு. கொஞ்சமென்ன, ஊட்டுல மூட்டையா இருக்குது, என்ற ஊட்டுக்காரி மயிலாதான் பேக்கெட்டுப் போடறா, ஒம்போது வருஷமாப் போடறான்னு பெருமையாச் சொன்னேன். ஊட்டுலயேவான்னு கேட்டுச்சு. ஊட்டுலயேதான்னேன். மயிலாகிட்டச் சொல்லி ஒரு முழுப் பேக்கெட்டுக் குடுத்தனுப்பிச்சேன்.

கார்த்திகை மொத வாரம். சாயங்கால டீ நேரம், எல்லாரும் கூடி நிக்கறாங்க. இந்தப் புள்ள ஒரு காயிதத்தக் கையில வெச்சுக்கிட்டு வருது. நேரா எங்கிட்ட வந்து, 'ஐயா, ஈயம் குங்குமத்துலதான் இருக்கு'ன்னுச்சு. மெல்லத்தான் சொல்லுச்சு. ஆனா பதினோரு பேருக்கும் கேட்டுருச்சு. நெறத்துக்காக ஈயத்துல பண்ணற செகப்புப் பொடியக் கலக்கறாங்களாம். எல்லாக் குங்குமத்துலயும் இல்லியாம், இந்தக் குங்குமத்துல இருக்குதாம். டேப்பு வாயில வெச்ச பொட்டு கரைஞ்சு தண்ணியில எறங்கியிருக்குதாம்.

ஒருத்தன் சிரிச்சான். அப்பறம் எல்லாருஞ் சிரிச்சாங்க. மொதலாளி சிரிக்கல, அது இன்னும் மோசம். 'உன்ற பூசைக்குப் பட்டறையவே பூட்ட வெச்சிருப்பியேப்பா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது தம்பி. சாமி குங்குமத்துல ஈயமா? பொட்டு வெக்காத சாதிக்குக் குங்குமத்தோட அருமை என்ன தெரியும், எறா ஓட்டக் கொண்டாந்து சாமிக்கெதுக்க வெச்சுட்டு எங்க குங்குமத்தக் கொறை சொல்றயான்னு கத்திப் போட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில வந்துருச்சு.

அந்தப் புள்ள அதுக்குக் கோவிச்சுக்கல. 'ஐயா, தண்ணி கெடக்கட்டும், அக்கா வீட்ல…'ன்னு ஆரம்பிச்சுச்சு. என்ற ஊட்டப் பத்திப் பேசாதன்னுட்டேன். அந்தக் காயிதத்த என்ற சட்டைச் சோப்புல வெச்சுட்டுப் போயிருச்சு.

அதோட பட்டறையில பூச நின்னு போச்சு. அடுத்து மூணு சனிக்கெழமையும் தண்ணி சுத்தமா வந்துச்சு, ஈயமுமில்ல ஒண்ணுமில்ல. அது மழைக்காலந் தம்பி. மழைக்குத் தண்ணி தெளியறது வழக்கந்தானே. அத யாரு சொன்னாக் கேக்கறாங்க. மாசுக்காரங்க வந்து பாத்துட்டு சரின்னுட்டாங்க. பட்டறை தப்பிச்சுது. மொதலாளி இப்ப மூணு குழாய் போட்டிருக்கறாரு. அந்தப் புள்ளைக்கும் பட்டம் கெடைச்சுரும்கறாங்க. எல்லார்த்துக்கும் நல்லாத்தான் ஆச்சு. எனக்குத்தான் 'குங்குமம்'னு பட்டப்பேரு.

அதோட விட்டுச்சுங்களா? மார்கழியில ஒரு நாள் ஊட்டுக்கே வந்துருச்சு. யாருகிட்டயோ வழி கேட்டு, கைல நாலு ஆரஞ்சுப் பழத்தோட. நான் வாசல்லயே நிறுத்திட்டேன். 'அக்காவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன் ஐயா'ங்குது. அவ ஊர்ல இல்லன்னேன். உள்ள இவ பேக்கெட்டு ஒட்டிட்டிருக்கறா. இருமறது வாசல் வரைக்கும் கேக்குது. அந்தப் புள்ள என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னுச்சு. அப்பறம் பழத்தப் படியில வெச்சுட்டுப் போயிருச்சு. யாரு வந்தாங்கன்னு மயிலா கேட்டா. பழக்காரின்னு சொன்னேன். புது நம்பர்ல இருந்து போனு வந்தா எடுக்காதன்னும் சொல்லி வெச்சேன்.

ஏன்னா அவமானம் பட்டறையோட நிக்கட்டும், ஊட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுதான். இவ காதுக்குப் போனா, நாம குடுத்த குங்குமத்தாலயா இத்தனையும்னு வெசனப்படுவா. ஏற்கெனவே வயித்து நோவுக்காரி. நேத்துப் பொழுதோட வரைக்கும் கையில வலுவில்லாமயே ஒட்டிட்டிருந்தா, ஏஜெண்டு வந்துருவான்னு. ரெண்டு கையிலயும் கரண்டியப் புடிச்சுக்கிட்டு.

இப்ப எந்த நம்பரு? முப்பத்தாறா. டீ சாப்படறீங்களா? வேண்டாமுங்களா.

இந்தாங்க, அந்தக் காயிதம் இன்னும் பர்சுலதான் கெடக்குது. பூரா இங்கிலீசு. என்ற மேல என்ன குத்தம் எழுதி வெச்சிருக்குதோன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருகிட்டயும் காட்டல. கிழிச்சுப் போடவும் கை வல்ல. நீங்க படிச்சவராட்டம் இருக்கறீங்க, எங்க பக்கத்து ஆளும் இல்ல, யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க.

ம். ஈயம்னு இருக்குதுங்களா. நம்பரு. இருக்கோணுங்கற அளவ விட எச்சா. எத்தன மடங்கு? அவ்வளவுங்களா. சரி, காலேஜில போட்டா கரெக்டாத்தான் இருக்கும். என்ற பேரு எங்க இருக்குதுன்னு பாருங்க. சென்னியப்பன்னு இருக்கும். இல்லீங்களா? நல்லாப் பாருங்க தம்பி. பட்டறை பேரு? அதுவுமில்லியா. அப்பறம் யாரு மேல எழுதுன காயிதம் இது.

பின்னாலயா? பின்னால என்ன இருக்குது. நான் திருப்பிப் பாக்கலீங்களே. தமிழா. கையில எழுதுனதா. கண்ணாடி கொண்டாரல, நீங்களே படிங்க.

இருங்க, இருங்க. 'மயிலா அக்காவுக்கு'ன்னா இருக்குது? அவளுக்கா? அவள அந்தப் புள்ள கண்ணாலயே பாத்ததில்லீங்களே. சரி, படிங்க.

'உங்களுக்கு வயிறு முறுக்கி வலிச்சா, மலம் போகாம இருந்தா, ரத்தம் குறைஞ்சா, மணிக்கட்டுல பலம் இல்லாமப் போனா'. அப்படியா எழுதியிருக்குது? மறுக்கா படிங்க. தம்பி, இது கார்த்திகையில குடுத்த காயிதம். அவ சொம்பக் கீழ விட்டது போன வாரம்.

படிங்க. நிறுத்தாதீங்க.

'அந்த வேலைய இன்னைக்கே விட்டுருங்க அக்கா. மூச்சு வழியாவும் சாப்பாடு வழியாவும் உள்ள போயிரும். ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டா மருந்து இருக்கு. இந்தத் தாள டாக்டர்ட்ட காட்டுங்க. ஐயாவத் திட்டாதீங்க, அவங்களுக்குத் தெரியாது. எங்கம்மா கையையும் யாரும் பாக்கல'.

அவ்வளவுதானா. கீழ போன் நம்பரா.

அஞ்சு மாசம் இது என்ற பர்சுல இருந்துச்சு தம்பி. பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கறப்பெல்லாம் கையில படும். எனக்குன்னு நெனைச்சேன். என்னையத்தான் வையுதுன்னு நெனைச்சேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லாதீங்க, சித்த சும்மா இருங்க. காலையில கெளம்பறப்ப அவளால கையத் தூக்க முடியல, நான்தான் அவ நெத்தியில பொட்டு வெச்சு உட்டேன்.

யாரு, நாப்பத்தொம்போதா? இன்னும் வரலியே. பேரு சொல்லிக் கூப்படறாங்களா? மயிலாத்தாளோட வந்தவங்களா? நான்தானுங்க சிஸ்டர், இந்தா வந்துட்டேன்.

தம்பி, அதக் குடுங்க. இல்ல, நீங்க வர வேண்டாம், நானே டாக்டருகிட்டக் குடுக்கறேன். காலையில கேட்டாரில்லீங்க, அம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு. அதுக்கும் போயி பதில் சொல்லோணும். அவ சும்மா இருந்தவ இல்லீங்க. ஒம்போது வருஷமா வேலைதான் பாத்திருக்கறா.